கடலும் காடும் கடனின்றிக் காண்போம்

உழைப்பவனுக்கு உல்லாசப் பிரயாணம் எதற்கு என்று கேட்கும் பெரியோர் நம் சங்கங்களில் இன்றும் உளர். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அக்கட்சியினரே. கேளம்பாக்கத்தை அடுத்த ஒரு சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்தபொழுது, அங்கத்தினரின் சுற்றுலாவுக்கென எழுதப்பட்டிருந்த செலவை நாம் ஏற்கவில்லை. சங்கத்தின் நோக்கத்துக்குப் புறம்பானது எனக் குறிப்பெழுதி, தொகையைத் திருப்பிச் செலுத்தச் செய்தோம். அப்பொழுது முதிய நெசவாளர் ஒருவர் சொன்னார்: "ஐயா, உப்பளத்தைத் தாண்டினால் கடல். என் வீட்டுக்காரி அதைப் பார்த்துப் பதினோரு வருஷமாகிறது." நாம் விடை கூறாமல் திரும்பினோம்.

நமது குறிப்பு சரியானதே. சங்கப் பணம் சங்கக் காரியத்துக்கே உரியது. ஆயினும் அவர் சொன்னதும் சரியானதே. குழித்தறியில் கால் தொங்கவிட்டு ஆண்டு முழுவதும் அமர்பவனுக்கும், சேற்றில் நின்று நாற்று நடுபவளுக்கும் நான்கு நாள் ஓய்வு ஆடம்பரமாகாது.

ஆனால் ஓய்வைக் கடன் வாங்கிப் பெறலாகாது. நாமறிந்த அங்கத்தினர் ஒருவர், கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலைவாசஸ்தலம் செல்ல வெளியில் 20,000 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. ஓராண்டில் வட்டி மட்டுமே 7,200 ரூபாய். அசல் அப்படியே நின்றது. மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. பார்த்து வந்த மலை மறந்துவிட்டது, கடன் மறக்கவில்லை.

ஆகவே நமது யோசனை இது. கணவன், மனைவி, இரு குழந்தைகள் கொண்ட குடும்பம் மாதம் 800 ரூபாயைத் தன் பெயரிலேயே சங்கத்தில் சேமிக்கட்டும். ஓராண்டில் 9,600 ரூபாய் சேரும். பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடிச் சென்றால், வாகன வாடகையும் தங்குமிடமும் பகிரப்படும். கடற்கரையும் மழைக்காடும் இத்தொகைக்குள் அடங்கும் என்பது நமது மதிப்பீடு.

முதலில் கடற்கரை. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் ஐந்தாறு கிலோமீட்டர் தூரமே. 2021-இல் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. அங்கிருந்து தெற்கே செல்கையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை உண்டு. அதே வளாகத்தில் 1978-இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை நம் அங்கத்தினர் அவசியம் காணவேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, மருந்து தயாரிப்போர்க்கு விற்கும் சங்கம் அது. பரம்பரைத் தொழிலறிவைக் கூட்டுறவு எவ்வாறு காக்கும் என்பதற்கு வேறு பாடம் வேண்டுவதில்லை. மாமல்லபுரத்தில் 15 வயதுக்குட்பட்டோர்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இன்னும் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை நிற்கிறது. அத்துறையிலிருந்து ஒரு காலத்தில் மெல்லிய மஸ்லின் துணி கடல் கடந்து சென்றது. நெசவாளர் குழந்தைகள் அதை அறிந்துகொள்ளட்டும். இவையெல்லாம் கட்டுச்சோற்றோடு ஒரு பகலில் முடியும்.

அடுத்து மழைக்காடு. செங்கற்பட்டில் பொதிகை விரைவு ரயில் ஏறினால், வண்டி மாறாமல் தென்காசியில் இறங்கலாம், குற்றாலம் அருகே. நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. குற்றாலத்திலோ தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே நுழைந்து, ஆனி ஆடியில் சாரலாகப் பொழியும். கல்யாணங்கள் இல்லாத ஆடியில் பட்டுத்தறிக்கு அவசரம் குறைவு. சம்பா நாற்று விடும் வேலையும் முழு மும்முரம் அடையாத சமயம். வெள்ளி மாலை புறப்பட்டால் சனிக்கிழமை அருவி. ஞாயிறன்று செங்கோட்டை கடந்து ஆரியங்காவு, பாலருவி, தென்மலை. அன்று மாலை ரயிலேறினால் திங்கள் காலை ஊர் சேரலாம். குழந்தைகளின் பள்ளியும் பெரிதும் கெடாது.

தென்மலையை அடுத்த செந்துருணி சரணாலயம் 1984-இல் ஏற்பட்டது. செங்குறிஞ்சி மரத்தால் பெயர் பெற்றது. அக்காட்டில் வெயில் தரையைத் தொடுவது அரிது. உதிர்ந்த சருகும் வேரும் மழையைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகின்றன. ஏரிக்கரையை உயர்த்துவது ஒன்றே நீர் சேமிப்பு என்றிருக்கும் நம் விவசாயி, மரமும் ஓர் ஏரி என்பதை அங்கே கண்ணால் காண்பான்.

சில எச்சரிக்கைகள். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்குகிறது, அன்றே செய்க. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேளாவிடில் கட்டணமில்லை. அருவி திறந்திருக்கிறதா என்று விசாரித்த பின்னரே செல்க. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டது. காவலர் விலகச் சொன்னால் அக்கணமே விலகவேண்டும். கடலிலும் முழங்கால் நீரே போதும். நம் கரையின் நீரோட்டம் நீந்தத் தெரிந்தவனையும் இழுத்துவிடும்.

அங்கத்தினர்களே, அடுத்த மகாசபையில் இதைப் பேசுங்கள். சங்க நிதியில் ஒரு காசும் கேளாதீர். கடன் மனுவும் எழுதாதீர். சேமிப்புப் புத்தகத்தில் முதல் மாத வரவை எழுதுங்கள். அடுத்த ஆய்வுக்கு வரும்பொழுது, அந்த முதியவரின் பெயரில் அவ்வரவைக் காண நாம் மிக விரும்புகிறோம்.