விதை தானமும் அன்னதானமே

நம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறோம். மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே, தினமும் கீரையும் காய்கறியும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரி அநேகமாக எல்லாத் தாள்களிலும் இருக்கும். எழுதித் தருவதற்கு எளிய வரி அது. இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பெறலாம். கீரையையும் காயையும் நாள்தோறும் எந்தக் காசில் வாங்குவது என்பதற்கு அந்தத் தாளில் விடை இல்லை. தாளைக் கொடுத்த நாமும் அதைக் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் குறையை உணர்ந்தே எழுதப்படுகிறது.

நாளொன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டில் பெரியவர்கள் நால்வர் இருந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது. தினக்கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கிய பிறகு மிஞ்சுவதில்தான் காய்கறி. விலை ஏறினால் முதலில் குறைவதும் அதுவே. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அது 57.4 விழுக்காடு. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. ஆயினும் தட்டில் சோறு நிறைந்தும் காய் இல்லாமல் இருப்பது அவற்றுள் முக்கியமான ஒன்று.

நம் ஊர் அன்னதானத்திற்குப் பெயர் பெற்றது. பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருவோர் பசியோடு திரும்புவதில்லை. பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள் என்று குழந்தைகள் இல்லங்களுக்கு ஒருவேளை விருந்து அளிப்போரும் நம்மிடையே பலர். அந்த அறத்தைக் குறைத்துச் சொல்ல எமக்குத் தகுதியில்லை. ஆனால் விருந்து அளிக்கும் நாளில் இனிப்பும் பிரியாணியும் நிறைகின்றன. யாரும் வராத நாளில் சாம்பார் நீர்த்துப் போகிறது. அந்த மற்ற நாள்களுக்காகவே விதை தானம் வேண்டும் என்கிறோம்.

ஒரு பிடி சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஏறத்தாழ இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். அவரையும் பீர்க்கனும் சிறு பந்தலொன்றில் மாதக்கணக்கில் காய்க்கும். கொல்லைப்புறத்தில் நட்ட ஒரு முருங்கைப் போத்து பல ஆண்டுகளுக்குக் கீரை தரும். ஒருவேளை விருந்துக்கு ஆகும் செலவில் பல குடும்பங்களுக்கு விதை வாங்கிவிடலாம்.

இது வெறும் ஆசை அன்று. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் பார்வை கெடுவதைத் தடுக்க, ஹெலன் கெல்லர் பெயரிலான அமைப்பு 1990ஆம் ஆண்டு வங்கதேசத்தில் வீட்டுத்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே விதையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஊர்தோறும் ஒரு நாற்றங்கால் அமைத்து, அந்த ஊராரையே பயிற்றுவித்து, பெண்களை முன்னிறுத்தி நடத்தினார்கள். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

ஏனெனில், கொடுத்த விதையெல்லாம் முளைப்பதில்லை. கத்திரி வெயிலில் வழங்கப்படும் விதைப் பொட்டலம் பெரும்பாலும் வீணாகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொன்னது காரணத்தோடுதான். நம் மாவட்டத்தில் ஆடியும் புரட்டாசியும் தையும் விதைக்க ஏற்ற காலங்கள். அடுத்தது விதையின் வயது. வெங்காய விதை ஓராண்டுக்குள் வீரியம் இழந்துவிடும். தக்காளி, பூசணி விதைகள் சில ஆண்டுகள் தாங்கும். கடையில் தேங்கிய காலாவதிப் பொட்டலங்களைத் தானமாகத் தருவது புண்ணியமாகாது. வாங்கியவர் உழைத்து, நீர் ஊற்றி, ஏமாந்து போவார். மறுமுறை விதைக்கவும் மாட்டார்.

மூன்றாவது, விதையின் வகை. வீரிய ஒட்டு ரகம் முதல் முறை நன்கு காய்க்கும். அதிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வளரும் என்பதற்கு உறுதியில்லை. எனவே ஏழைக் குடும்பத்திற்கு, அடுத்த பட்டத்திற்கும் விதை எடுத்து வைக்கக்கூடிய நாட்டு ரகங்களையே தர வேண்டும். நான்காவது, எச்சரிக்கை. இளஞ்சிவப்பு, நீலம் முதலிய நிறம் பூசிய விதைகள் பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ சேர்த்து நேர்த்தி செய்யப்பட்டவை. அவற்றைக் குழந்தைகள் வாயில் வைத்தால் ஆபத்து. குழந்தைகள் உள்ள இடங்களுக்கு அத்தகைய விதைகளை அனுப்பவே கூடாது.

நிலமற்றவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. ஓர் அறை வாடகை வீட்டில் ஐவர் வாழும் தெருக்கள் இவ்வூரில் உண்டு. அவர்களுக்கு விதையோடு மண் நிரப்பிய சாக்கும் மட்கிய எருவும் சேர்த்துத் தந்தால்தான் அது தானம். அரிசி, காய்கறி கழுவிய நீர் நான்கு சாக்குகளில் கீரை வளர்க்கப் போதும். சோப்பு கலந்த நீரை ஊற்ற வேண்டாம். வெயிலே படாத வீடாயின் விதை பயன்படாது; அவர்களுக்குக் காய்கறியாகவே கொடுத்து உதவுவதுதான் முறை. எல்லா வறுமைக்கும் விதை மருந்தன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழந்தைகள் இல்லங்களுக்கு உதவ விரும்புவோர் முதலில் அந்த இல்லம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டறிவது நலம். பின்னர் நிர்வாகத்தினரிடம் தண்ணீர் இருக்கிறதா, வேலி இருக்கிறதா, பள்ளி விடுமுறையில் செடிகளைப் பார்ப்பவர் யார் என்று விசாரியுங்கள். விதை கொடுக்கும் நாளோடு நில்லாமல், மாதம் ஒருமுறையேனும் சென்று களை எடுங்கள். பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள். அவர்களின் அடையாளத்தை வெளியிடுவதை அச்சட்டமே தடுக்கிறது. தோட்ட வேலை அவர்களுக்குக் கற்றலாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கட்டும், கட்டாயமாக வேண்டாம்.

பெறுபவரைக் கை ஏந்துபவராகவே நிறுத்திவிடாத தானம் எது என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழாவை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் நெல் ஜெயராமன். அவர் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அங்கே ஓர் உழவர் இரண்டு கிலோ விதை நெல் பெற்றால், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விலை இல்லை, கடனும் இல்லை. வாங்கியவரே அடுத்த ஆண்டு கொடுப்பவராகிறார். காய்கறி விதைக்கும் இதையே செய்யலாம். ஒரு பொட்டலம் பெற்ற தாய், முற்றிய காயிலிருந்து விதை எடுத்து, உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைத்து, அடுத்த பட்டத்தில் இரண்டு வீடுகளுக்குத் தரட்டும். சுரை, பூசணி விதைகளைச் சாண வறட்டியில் பதித்து வைக்கும் பழக்கம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததே.

அரசின் தோட்டக்கலைத் துறையும் வீட்டுத்தோட்டத்திற்கான காய்கறி விதைத் தொகுப்புகளை மானியத்தில் வழங்கி வருகிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் ஒரு விதை தானமே.

மருத்துவமனை இதழ் என்பதால் சில சொற்கள். தோட்டத்துக் கீரை மாத்திரைக்கு மாற்றன்று. இரத்தசோகைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். கீரை உண்ட கையோடு தேநீர் அருந்தாமல், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் மிகுந்த கீரைகளையும் காய்களையும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

எமது வேண்டுகோள் சிறியது. அடுத்த பிறந்தநாளில் ஒருவேளை விருந்தோடு, பட்டம் அறிந்து, நாட்டு விதையும் எருவும் வாங்கி, ஒரு குடும்பத்திற்கோ ஓர் இல்லத்திற்கோ கொடுங்கள். முளைக்கும் வரை கூட இருங்கள். அப்போதுதான் காய்கறி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாம் எழுதித் தரும் வரி அந்த வீட்டில் நடைமுறையாகும்.