இன்ஜினை மாத்திடலாம்... ஆர்.சி. புக்கை?

கடம்பூர் மலை, பர்கூர் மலை என்று ஏறி இறங்கிப் பழகிய வட்டாரம் கோபிசெட்டிபாளையம். பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பைப் பார்த்தால் இங்கே இன்னமும் நாலு பேர் நின்று விலை கேட்பார்கள். இப்போது கூடவே ஒரு புது ஆசையும் சேர்ந்திருக்கிறது. பின்னால் ஒரு படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்து வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது. உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: “பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிட்டு டீசல் போட்டுடலாமா?”

கேள்வி ஒன்றும் புதிதில்லை. மகிந்திரா இங்கே தயாரித்த வில்லிஸ் ஜீப்பில் இருந்தது ‘ஹரிக்கேன்’ என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் செலவு கையைக் கடிக்க, கம்பெனியே டீசல் பக்கம் போனது. பிறகு வந்த ஜீப்புகளில் பிரான்ஸின் பியூஜோ வடிவமைத்த எக்ஸ்.டி.பி. டீசல் இன்ஜின் உட்கார்ந்தது. கம்பெனி தொழிற்சாலையில் செய்ததை நம்மூர் லேத் பட்டறைகள் மரத்தடியில் செய்தன. மெட்டடோர் வேன் இன்ஜின் அம்பாசடரிலும் ஓடியது.

அன்றைக்கு அதில் லாபம் இருந்தது. அரசு விலையைப் பிடித்து வைத்திருந்ததால் டீசல் மலிவு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது. பழைய இடைவெளி இன்று இல்லை. மாதம் இரண்டு முறை மலைக்குப் போகிற வண்டிக்கு, மாற்றிய செலவை மைலேஜில் எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று ஒரு பேப்பரில் போட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, ஆசை விடவில்லை. பட்டறைக்கு வண்டி வந்துவிட்டது. இன்ஜினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்குவது அரை நாள் வேலை. தலைவலி அதற்குப் பிறகுதான்.

புது இன்ஜினையும் பழைய கியர்பாக்ஸையும் சேர்க்க நடுவில் ஒரு இரும்புத் தகடு கடைந்து போட வேண்டும். அதன் மையம் மயிரிழை விலகினாலும் கிளட்ச் உதறும், கியர்பாக்ஸ் பேரிங் சீக்கிரம் போகும். கோவையில் இதைச் சுத்தமாகக் கடைந்து கொடுக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ஃபோர் வீல் டிரைவுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் உண்டு. இன்ஜினுக்குக் கீழே முன் ஆக்சில் ஓடுகிறது. ஆயில் சம்ப் ஆழமாக இருந்தால், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்சில் போய் சம்பில் மோதும். பட்டறை வாசலில் நிற்கும்போது இது தெரியாது. காட்டுப் பாதையில்தான் தெரியும்.

டீசல் இன்ஜின் பெட்ரோல் அளவுக்கு வேகமாகச் சுற்றாது. பழைய ஜீப்பின் ஆக்சிலோ மலை ஏறுவதற்கென்றே குறைந்த வேகத்துக்கு அமைத்தது. இரண்டும் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் இன்ஜின் கதறும், வண்டி நகராது. ஆக்சில் பல்சக்கரத்தை மாற்றலாம். ஆனால் முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கரத்தையும் பூட்டினால், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும்.

இதையெல்லாம்விடப் பெரியது பிரேக். பிரேக்கை லேசாக்கும் பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் இன்ஜின் அதைத் தானாகவே கொடுக்கும். டீசல் கொடுக்காது, தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். பூஸ்டர் உள்ள வேனில் பம்பை மறந்தால் பெடல் கல்லாக நிற்கும். படுக்கை, பெட்டி, 100 லிட்டர் தண்ணீர் (அதுவே 100 கிலோ) ஏற்றிக்கொண்டு, 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பத்தில் குடும்பத்தோடு இறங்கும்போதா இதைக் கண்டுபிடிப்பது?

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டார் என்றே வைப்போம். அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாற அங்கீகரிக்கப்பட்ட கிட்டுகள் வழியாகச் சட்டம் இடம் தருகிறது. எங்கோ கழற்றிய டீசல் இன்ஜின் அந்தக் கணக்கில் வராது.

‘யார் பார்க்கப் போறாங்க’ என்பதும் செல்லாது. சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்தால், 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், எரிபொருள் மூன்றையும் ஒப்பிடுவார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதே மூன்றைத்தான் பார்க்கும். புக்கில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்றால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வேறு காரணமே தேவையில்லை.

டீசல்தான் வேண்டும் என்பவர்கள், தொழிற்சாலையிலேயே டீசலாகப் பிறந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தேடலாம். மகிந்திராவின் பழைய எம்.எம்.540 போன்றவை கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பானெட்டைத் திறந்து, துருவைத் துடைத்து, இன்ஜின் நம்பரை ஆர்.சி. புக்கோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். போன உரிமையாளர் மாற்றி வைத்த இன்ஜினுக்கும் இனி பதில் சொல்லப்போவது வாங்கியவர்தான்.