அபயக் குரல் கேட்க ஆள் வேண்டாமா?

சேர்வராயன் மலையில் மழை என்றாலே எங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையால் சேலம் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தபோது கொண்டாட்டம் அடங்கிவிட்டது. விடுதியில் மின்சாரம் இல்லை. கைப்பேசிகள் ஒவ்வொன்றாய் ஊமையாயின. "நலமாயிருக்கிறோம்" என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. எங்களைவிட அம்மாக்களே அதிகம் அழுதார்கள் என்று பின்னர் அறிந்தோம்.

அன்றுமுதல் எங்களுக்கு ஒரே பேச்சு: நம் பள்ளியில் ஹாம் ரேடியோ நிலையம் ஒன்று வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே அபாயக்குறி அனுப்பும் பீக்கன் கருவிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். மெய்தான். நம் மீனவர்களுக்காக இஸ்ரோவும் அத்தகைய கருவியைச் செய்திருக்கிறது. 2018 செப்டம்பரில் தன்னந்தனியே கடலோடிய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து கிடந்தபோது பீக்கனை இயக்கினார். அது அவர் இருக்குமிடத்தைச் சொன்னது. ஆனால் முதுகில் அடிபட்டு எழ முடியவில்லை, ஸ்ட்ரெச்சர் வேண்டியிருக்கும் என்பதை அவர் வேறொரு கருவியில் செய்தியாக அனுப்ப நேர்ந்தது. பீக்கன் கூவும், பேசாது. மலைப்பாதை அடைபட்டால் பேச்சல்லவா வேண்டும்? எந்த வளைவில் சரிவு, எத்தனை பேர், என்ன மருந்து என்று யார் சொல்வது?

பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்பவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஹாம் ஒலிபரப்புக்காக அந்தமான் சென்றிருந்தார் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. சுனாமியில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து தம் ரேடியோ மூலம் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். உறவினரைத் தேடித் தவித்தவர்களுக்குத் தகவல் சேர்த்தார்.

12 வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் தேர்வெழுதி இதற்கு உரிமம் பெறலாம் என்பது எங்களுக்கே இப்போதுதான் தெரிந்தது. தொடக்கநிலை மின்னணுவியலும் விதிமுறைகளுமே பாடம். பொதுத்தேர்வுக்கு நாங்கள் படிக்கும் ஓம் விதி அங்கேயும் வருகிறது. ஆகவே அப்பாக்கள் அஞ்ச வேண்டியதில்லை! கருவியோ ஒரு கார் பாட்டரியில் ஓடும். லேடீஸ் சீட்டில் நின்றால் சேலத்து விளக்குகள் தெரிகின்றன அல்லவா? வி.எச்.எஃப். அலைகளுக்கும் அப்படிக் கண்ணுக்கெட்டும் வழி கிடைத்தால் போதும்.

எங்கள் வகுப்பில் ஏழு பேர் பெயர் கொடுத்துவிட்டோம். மதர் அவர்கள் மனமிசைந்து, கற்றுத்தர ஒருவரை வரவழைத்தால், அடுத்த ஐப்பசி மழைக்கு முன் தேர்வெழுதிவிடுவோம்.