காவல்காரருக்குக் கட்டிய குட்டிக் கோட்டை

ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர் பக்கம் நண்பன் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நாலு நாள் தங்கினேன். வீடுன்னா, பழைய எஸ்டேட் ஒன்றின் வாசல் காவல்காரர் வீடு. 'கேட் லாட்ஜ்' என்பார்கள். விக்டோரியா காலத்துக் கட்டடம்.

பார்த்ததும் வாயைப் பிளந்தேன், ஒத்துக்கறேன். படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர் (காக்காய்ப் படின்னு அந்த ஊரில் பேர்), செங்குத்தான ஸ்லேட் கூரை, மூலையில் குட்டிக் கோபுரம், வீட்டு அளவுக்குச் சம்பந்தமே இல்லாத உயரத்தில் புகைபோக்கி. கோட்டையை வெந்நீரில் துவைச்சு சுருங்கிப்போன மாதிரி :-)

உள்ளே போனால் ரெண்டே ரூம், ஒரு சமையலறை. பகல் பன்னிரண்டு மணிக்கு லைட் போடணும். அலங்காரத்துக்காகக் கூரையை வெளியே நீட்டியிருக்காங்க, ஜன்னலில் பொடிப்பொடியா வைரக்கட்டக் கண்ணாடி. வெளிச்சம் எங்கே வரும்?

"டேய், இது வர்றவனுக்காகக் கட்டின வீடுடா, இருக்கறவனுக்காக இல்ல" என்றான் நண்பன்.

அதுதான் உண்மை. 'ஸ்காட்ஸ் பேரோனியல்' என்ற இந்தப் பாணி, 16, 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டை வீடுகளைப் பார்த்துச் செய்தது. வில்லியம் பர்ன், டேவிட் பிரைஸ் போன்றவர்கள் வளர்த்தார்கள். 1850களில் விக்டோரியா ராணிக்கு பால்மோரலில் புது மாளிகை எழும்பியதும் காசுள்ளவனுக்கெல்லாம் அதே ஆசை. மாளிகை மரங்களுக்குப் பின்னால் எங்கேயோ உள்ளே இருக்கும். ரோட்டில் போறவன் கண்ணில் படுவது இந்த வாசல் வீடுதான். அதனால ஜம்பத்தையெல்லாம் இதன் தலையில் கொட்டிட்டாங்க. முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் ஜன்னல்கூட காற்றுக்காக இல்லை. ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்து, வண்டி வந்தால் ஓடிப்போய்க் கதவைத் திறக்கணும்ல!

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று சமாதானம் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்துக்காரரான லவுடன், 1833-லேயே சின்ன வீடுகளுக்கும் வசதி வேணும்னு தலையணை சைஸில் கலைக்களஞ்சியம் போட்டுட்டார்.

இப்ப நண்பனோட பிரச்சினைக்கு வரேன். பையனுக்கு இருமல் நிற்கவே இல்லை. சுவரில் ஈரம். சுண்ணாம்புச் சாந்து இருந்த கல் இடுக்குகளில் பின்னாடி யாரோ சிமென்ட் பூசிட்டாங்க, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. சிமென்டை எடுத்துட்டு, பின்பக்கம் ஒரு பெரிய ஜன்னல் வைக்கலாம்னு வீட்டுக்காரர் நினைக்கிறார். ஆனால் இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், 'சி' பிரிவு. 'சி'ன்னா வெளித்தோற்றம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறாங்க, தப்பு. பொதுவா உள்பக்கமும் சேர்த்திதான். பின்பக்க ஜன்னலுக்கும் அனுமதி வேணும்.

என் கருத்து இதுதான். முன்பக்கத்தில் ஒரு கல்லைக்கூடத் தொடாதீங்க, நானும் கூட நின்னு சண்டை போடுவேன். கூரைக்கு வேற ஸ்லேட் போடறதும் சுலபமில்லை, பல்லாகூலிஷ் சுரங்கத்தை 1955-லேயே மூடிட்டாங்க. ஆனால் யாருமே பார்க்காத பின்சுவரில் ஒரு ஜன்னல் திறந்தால் என்ன குறைஞ்சிடும்? காவல்காரர் குடும்பத்தை இருட்டில் வைத்ததையும் சேர்த்தா பாதுகாக்கணும்?

அந்த வாசலுக்குச் சொந்தமான மாளிகை இப்ப இல்லை. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வரி கட்ட முடியாமல் கூரையைப் பிரித்தும் இடித்தும் போட்ட எத்தனையோ மாளிகைகளில் அதுவும் ஒன்று. இரும்புக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் ஆடு மேய்கிறது. அனுமதி விண்ணப்பம் போட்டு அஞ்சு மாசம் ஆச்சாம்.