புட்டியில் இருப்பது என்ன?

கூடத்தில் விளையாடும் குழந்தைக்குத் தாகமெடுத்தால் கைக்கெட்டிய புட்டியை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொள்ளும். உள்ளே இருப்பது ஜலமா, தரை கழுவும் ஆஸிட்டா என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

அமெரிக்காவில் ஷெவாலியர் ஜாக்ஸன் (1865–1958) என்று ஒரு தொண்டை வைத்தியர் இருந்தார். அக்காலத்தில் அந்நாட்டு வீடுகளில் ஸோப்புக் காய்ச்சவும் சாக்கடை அடைப்பை நீக்கவும் காஸ்டிக் சோடா வைத்திருப்பது வழக்கம். அதைத் தின்பண்டமென்று எண்ணி விழுங்கிய குழந்தைகள் பலர் அவரிடம் வந்தனர். காரமானது சதையைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும் இயல்புடையது. பிழைத்த குழந்தைக்கும், புண் ஆறும்பொழுது தழும்பு இறுகி, சில வாரங்களில் உணவுக்குழல் சுருங்கிவிடும். ஒரு மிடறு ஜலம் குடிக்கக்கூட முடியாதிருந்த சிறுமி ஒருத்தியின் குழலைத் தாம் திறந்ததையும், ஜலம் உள்ளே இறங்கியதும் அவள் தம் கையை முத்தமிட்டதையும், 1938-ல் வெளிவந்த சுயசரிதத்தில் அவர் எழுதியிருக்கிறார்.

சிகிச்சை செய்வதோடு அவர் திருப்தியடையவில்லை. இத்தகைய சரக்குகளின்மேல் 'விஷம்' என்று அச்சிடச் சட்டம் வேண்டுமெனப் பல வருஷங்கள் வாதாடினார். 1927-ல் அச்சட்டம் நிறைவேறியது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? ஆஸிட்டும் பிளீச்சிங் திரவமும் சில்லறையாக வாங்கப்பட்டுக் குளிர்பானப் புட்டியில் ஊற்றப்படுகின்றன. புட்டியோ குழந்தை நன்கறிந்தது. உள்ளிருப்பதோ அதன் குடலை வேக வைப்பது! எவ்வளவு சட்டங்கள் இருந்தாலும், நாமே புட்டியை மாற்றிவிட்டால் அவை என்ன செய்யும்?

ஆகவே சில நியமங்களை நம் இல்லங்களில் ஏற்படுத்திக்கொள்வோம். விஷச் சரக்கு எதையும் தின்னும் குடிக்கும் பாத்திரத்தில் ஊற்றலாகாது. அதனதன் சொந்தப் புட்டியிலேயே இருக்கட்டும். கழுவு தொட்டியின் அடியில் வையாமல், உயரத்தில், பூட்டிய அலமாரியில் வைப்போம். வேலை முடிந்தவுடன் மூடியை இறுக்குவோம். பொத்தான் போன்ற சிறு பாட்டரிகளையும் இவற்றோடு சேர்க்க வேண்டும். அவை உணவுக்குழலில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே அவ்விடத்தைப் புண்ணாக்கிவிடும்.

இவ்வளவுக்கும் மேல் விபத்து நேர்ந்துவிட்டால், பாட்டிமார் முதலில் செய்ய நினைப்பது தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்கச் செய்வது. அன்பினால் செய்வதுதான், ஆனால் கூடவே கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். உப்பு ஜலமும் கொடுக்கலாகாது. காரத்திற்கு எலுமிச்சம் ரஸம் மாற்று என்று நினைப்பதும் தவறு. அதனால் உள்ளே உஷ்ணம் உண்டாகி மேலும் கேடு விளையலாம். வாயைத் துடைத்துக் கொப்பளிக்கச் செய்து, உடையில் சிந்தியிருந்தால் களைந்து, உடம்பை நிறைய ஜலம் விட்டுக் கழுவி, அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வாயில் புண் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடலாகாது; உதடு நன்றாயிருக்க, உள்ளே வெந்திருப்பதும் உண்டு.

ஒரு தேசத்தின் டப்பாக்களில் ஒரு வார்த்தையை அச்சிடச் செய்வதற்கு அந்த வைத்தியருக்குப் பல வருஷங்கள் பிடித்தன. ஒரு புட்டியை மேல் தட்டுக்கு மாற்ற நமக்கு ஒரு நிமிஷம் போதும். நேயர்கள் இதைப் படித்து முடித்ததும், முதற் காரியமாக எழுந்து சென்று வீட்டின் மூலைமுடுக்குகளை ஒருமுறை பார்த்து வருவார்களாக.