புத்திமதி வேறு, மனநல ஆலோசனை வேறு

நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், தலைபாரம், கைகால் மதமதப்பு என்று எங்கள் பொது மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் சிலருக்கு, இ.சி.ஜி.யும் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் முடிந்த பின்னரும் உடலில் குறை எதுவும் தென்படுவதில்லை. அறிக்கையைப் பார்த்ததும் உடன் வந்தவர் முகம் மலர்கிறது. நோயாளியின் முகமோ இன்னும் வாடிப்போகிறது. தம் துன்பத்தை இனி எவரும் நம்பமாட்டார்கள் என்று அவர் அஞ்சுகிறார். அவர் நடிக்கவில்லை என்பதை முதலில் குடும்பத்தாருக்குச் சொல்ல விரும்புகிறோம். பதற்றமும் மனச்சோர்வும் உடலின் வழியாகவே பேசும் நோய்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் வைட்டமின் பி12 குறைவும் இதே முகத்தோடு வரக்கூடும் என்பதால்தான் அவற்றை முதலில் சோதிக்கிறோம். அவை இல்லை என்று தெரிந்தால் சிகிச்சை முடிந்துவிட்டது என்று பொருளன்று. அதற்குரிய இடம் எது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

இந்தக் கட்டத்தில் மனநல ஆலோசனை என்று நாங்கள் சொன்னால், ‘நாங்கள் சொல்லாத புத்தியையா அவர் சொல்லிவிடப் போகிறார்?’ என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆலோசனை என்னும் சொல்லே சற்றுக் குழப்புகிறது. தென்னைக்கு எந்த உரம் இடலாம் என்பதும் ஆலோசனைதானே! இலங்கைத் தமிழர் இதனை ‘உளவளத்துணை’ என்கின்றனர். எங்களுக்கு அச்சொல்லே பிடித்திருக்கிறது. ‘தைரியமாக இரு’, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று வீட்டார் அன்பினால்தான் சொல்கின்றனர். ஆயினும் தைரியம் வராதவருக்கு அச்சொல் மேலும் ஒரு சுமை. ஆலோசகர் அதைச் சொல்வதில்லை. அவர் கேட்கிறார், பிறகு, இன்ன நோய்க்கு இன்ன முறை என்று பயிற்சியால் அறிந்ததைச் செய்கிறார்.

முறைகள் பலவாக இருப்பது கண்டு மலைக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயலை நினைத்துப் பாருங்கள். கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்த காட்சியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படித் தோப்பை இழந்த ஒருவர் அந்தப் பக்கமே போகாமல் கட்டிலில் கிடக்கிறார் என்று கொள்வோம். மனம் தெளிந்தபின் எழுந்து நடக்கலாம் என்பது அவர் கணக்கு. செயலூக்கச் சிகிச்சை இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது: முதலில் சிறிது நடப்போம், மனம் பின்னால் வரும். காலையில் கடைத்தெரு வரை போய்வருவது, மறுவாரம் ஒரு கன்றுக்குத் தண்ணீர் விடுவது என்று சிறுசிறு செயல்களை ஆலோசகர் அவரோடு சேர்ந்து திட்டமிடுவார். ‘என் கை பட்ட எதுவும் விளங்காது’ என்ற எண்ணமே அவரை வாட்டுமானால், அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த அறிவாற்றல் சிகிச்சை அந்த எண்ணத்தை எடுத்து மேசையில் வைத்து, இது எவ்வளவு உண்மை என்று அவரையே ஆராயச் செய்யும். இழப்பு இழப்புத்தான், அதை இல்லையென்று எந்தச் சிகிச்சையும் சொல்லாது.

இவற்றுக்குப் பெரிய நகரமோ ஆங்கிலமோ தேவையில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் செயலூக்கச் சிகிச்சை அளித்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் சிகிச்சை பெற்றோர் மிகுதியாகக் குணமடைந்ததை 2017இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஜிம்பாப்வேயில் பாட்டிமார்களே பயிற்சி பெற்று, சுகாதார நிலைய வளாகத்தில் மரப் பெஞ்சில் அமர்ந்து, சிக்கலைப் பகுத்துத் தீர்க்கும் முறையைச் சொல்லித் தருகின்றனர்.

சில நோய்களில் எந்த முறை என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கும். எண்ணச் சுழற்சி நோயால் நாள் முழுதும் கை கழுவுகிறவரிடம், ‘சுத்தமாகத்தான் இருக்கிறது அம்மா’ என்று வீட்டார் நூறு முறை உறுதி சொல்வது நோய்க்கே தீனி. அஞ்சுவதை எதிர்கொண்டு, கழுவாமல் இருந்து பழகும் பயிற்சியே அதற்குரியது. குடிநோய்க்கு வேறு விதம். காதில் குரல் கேட்பவருக்கும், எல்லோரும் தமக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புகிறவருக்கும் மருந்தே முதன்மை. அவரிடம் பேசிப் புரியவைக்க முயன்று மாதங்களைக் கழிப்பது தவறென்றே கருதுகிறோம். அதற்காகக் கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நாங்கள் தடுப்பதில்லை. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததையும் நாம் மறக்கலாகாது.

நம் மாவட்டம் இதில் பின்தங்கியதன்று. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தையே மனநல மருத்துவமனையாக மாற்றி அனுப்பியது. நோயாளியும் குடும்பத்தாரும் பேருந்துக்குள் திரையின்முன் அமர, சென்னையில் இருந்த மருத்துவர் அவர்களோடு பேசினார். மருந்து அங்கேயே வழங்கப்பட்டது. மனநோயைக் கிராமத்தார் மறைப்பார்கள், வரமாட்டார்கள் என்பதை நாங்கள் முழுதாக ஏற்பதில்லை. தொலைவும் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் வெட்கத்தைவிடப் பெரிய தடைகள். விடியுமுன் பூப்பறித்து மார்க்கெட்டில் சேர்க்க வேண்டியவர், வாரம் ஒருநாள் புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ போய்வருவது எளிதா? ஆகவே முதல் நாளிலேயே, ‘எத்தனை முறை வர வேண்டும்? இடையில் தொலைபேசியில் பேசலாமா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம் நீளும். தூக்கம், பசி, வேலை, கடன், உறவு, குடி எனப் பலவும் கேட்கப்படும். எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட வேண்டிய கட்டாயமில்லை. ‘சாக வேண்டும் என்று தோன்றியதா?’ என்ற கேள்வியும் வரும். அதைக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்ற ஆறுதலே பலருக்கும் உண்டாகிறது.

உடன் வருவோரிடம் ஒரு வேண்டுகோள். சிறிது நேரமாவது வெளியே அமருங்கள். மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியாரும், மகனிடம் கேட்டதற்குத் தந்தையும் விடை சொல்வதை நாள்தோறும் காண்கிறோம். உள்ளே பேசியதை வந்து துருவாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. எனினும் உங்களுக்கும் அங்கே இடமுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களிலிருந்தே குடும்பத்தாரை நோயாளியுடன் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. மாத்திரை எடுத்துத் தருவதும், வீட்டில் எரிந்து விழாமல் இருப்பதும் சிகிச்சையின் பகுதிகளே.

எவரிடம் போவது? மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பலகை மாட்டியவரெல்லாம் பயிற்சி பெற்றவரல்லர். பதிவு எண்ணைக் கேட்பதில் குற்றமில்லை. ஒரே அமர்வில் குணப்படுத்துவேன் என்பவரிடமிருந்து விலகியிருப்பதே நல்லது.

மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பத்தாம் நாளில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துவோரும், தெளிந்ததும் சொல்லாமல் நிறுத்துவோருமே மீண்டும் படுக்கையில் விழக் காண்கிறோம். ஆலோசகரோடு மனம் ஒட்டவில்லை என்றால் மூன்றாம் அமர்வுக்குள் அவரிடமே சொல்லுங்கள், அல்லது வேறொருவரைக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வர இயலாத நாளில் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசுவர். சாவைப் பற்றிப் பேசுகிறவர் வீட்டில் இருந்தால் பூச்சிமருந்தைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே அழைத்து வாருங்கள். வரும்போது தற்போது உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் மறவாமல் எடுத்து வர வேண்டும். நாட்டு மருந்தும் அதில் அடங்கும்.