ஒன்றுவிட்ட அண்ணாவும் ஆங்கிலப் படிவமும்

காணாமற்போனோரைத் தேடும் படிவம், வெளிநாட்டு உறவினரிடம் செல்வதற்கான விண்ணப்பம் என்று சகோதரிகள் என்னிடம் கொண்டுவரும் தாள்களில் உறவுமுறைக் கட்டந்தான் அதிகம் சிக்கல் தருகிறது. பெரியப்பாவின் மகனும் மாமியின் மகனும் ஆங்கிலத்தில் ஒரே 'கசின்'. எங்களுக்கோ ஒருவர் அண்ணா, மற்றவர் மச்சான். வெறுமனே 'அண்ணா' என்றால், நிரப்புபவர் 'பிறதர்' என்று எழுதிவிடுவார். பிறப்புச் சான்றிதழிலோ பெற்றோர் பெயர் வேறாயிருக்கும். பிறகு யார் நம்புவார்கள்?

'ஒன்றுவிட்ட' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'வன்ஸ் றிமூவ்ட்' என்றும் எழுதுவிக்காதீர்கள். அது ஒரு தலைமுறை இடைவெளியைக் குறிப்பது. ஒன்றுவிட்ட அண்ணா 'பேர்ஸ்ட் கசின்'; அவருடைய மகள்தான் உங்களுக்கு 'பேர்ஸ்ட் கசின் வன்ஸ் றிமூவ்ட்'. அவளும் உங்கள் மகளும் 'செக்கன்ட் கசின்'. குழப்பமென்றால் 'தகப்பனின் தமையனுடைய மகன்' என்று முழுதாகவே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.